கேட்காமல் பதிந்த புத்தகம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள ஒரு பாடசாலையில் நான் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த மாணவி ஒருத்திக்குக் கண்பார்வை இல்லை. விரலால் தடவி வாசிக்கும் எழுத்தில் எந்த வழிகாட்டி நூலும் கிடைக்கவில்லை. அதனால் நகரத்து ஆசிரியை ஒருவர் எழுதிய நூலை முழுவதும் வாசித்து, போனில் பதிந்து அவளுக்குக் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். எல்லாருக்கும் உதவட்டுமே என்று வகுப்பு வட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டேன். ஒரு கிழமைக்குள் என் குரல் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் உள்ள தோப்பூர் வரை போய்விட்டது.

ஒருநாள் இடைவேளையில், நூலை எழுதிய ஆசிரியையே வந்து நின்றார்.

“என்ர புத்தகத்தை வாசிச்சது நீங்களோ?”

“ஓம் டீச்சர். கண் தெரியாத பிள்ளை ஒண்டுக்காக…”

“அவவுக்கு வாசிச்சது நல்ல விசயம். வகுப்பில ரெண்டு பக்கம் எடுத்துப் படிப்பிச்சாலும் நான் ஒண்டும் கதைக்க மாட்டன். ஆனா முழுப் புத்தகத்தையும் ஊரெல்லாம் விட ஏலாது. மூண்டு வருசமா எழுதினனான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் முன்னாலேயே குழுவில் இருந்ததை அழித்தேன். பகிர்ந்தவர்களையும் அழிக்கச் சொல்லி எழுதினேன்.

பிறகு அவர் அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிவந்தேன்.

“உங்கட டீச்சர் வாசிக்கிறது விளங்குதோ, பிள்ளை?” என்று அவர் கேட்டார்.

அவள் தயங்கினாள். “விளங்குது. ‘படத்தைப் பார்க்கவும்’ எண்டு வாற இடத்தில மட்டும் என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல.”

எத்தனை தடவை அந்த வரியை அவளுக்கு வாசித்திருப்பேன்! ஒருமுறைகூட எனக்கு உறைக்கவில்லை.

அந்த ஆசிரியை அவளுடைய இடது கையைப் பிடித்துக் கிண்ணம்போலக் குவித்தார். “இதுதான் எங்கட துறைமுகம். பெருவிரலுக்கும் மற்ற விரலுக்கும் நடுவில இருக்கிற இடைவெளியால கப்பல் உள்ள வரும்.”

அவள் மறுகை விரலை அந்த இடைவெளியால் மெல்ல நுழைத்துப் பார்த்தாள். “இவ்வளவு ஒடுக்கமான வாசலா!” என்று சிரித்தாள்.

அதன்பின் நான்கு சனிக்கிழமைகள் அவர் பஸ் ஏறி வந்தார். நான் மறுபடி வாசித்துப் பதிய, படங்களையெல்லாம் அவர் சொல்லாக்கித் தந்தார். பார்வையில்லாத வேறு பிள்ளைகளுக்கும் அதைக் கொடுக்கச் சொல்லி அவரே அனுமதி எழுதித் தந்தார்.

‘பிள்ளைகளுக்குத்தானே’ என்ற நினைப்பில் நான் கேட்காமல் எடுத்ததைவிட, கேட்டிருந்தால் எவ்வளவு கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்பதை, கோபப்பட முழு உரிமை இருந்தும் எங்களோடு உட்கார்ந்துவிட்ட அந்த மனுசியால்தான் நான் அறிந்துகொண்டேன்.