பச்சை குத்திய கையும் வளப்பூர் ஓடையும்

பத்துத் தலைப்புகளை எழுதிக்கொண்டு மலை ஏறினேன். பதினாறாம் நாள் பத்தும் அடிபட்டுப் போயிருந்தன. உடம்பில் காய்ச்சல். கையில் வெறும் நோட்டு. இனி ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

நம் வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு வரும் சகோதரிகள் இதை எழுதித் தரச் சொன்னார்கள். கொல்லிமலை அறப்பளீசுவரர் எனக்குச் செய்ததைச் சொல்வதென்றால் நான் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். இரண்டையும் எழுதுகிறேன்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. சென்னையில் சுகாதாரப் பயிற்சியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மாணவியும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும். தலைப்பை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் டாக்டரம்மா கண்டிப்பானவர். "புத்தகத்தில் இருப்பதை என்னிடம் திருப்பிக் கொண்டு வராதே. உன் கண்ணால் பார்த்ததைக் கேள்வியாக எழுதி அனுப்பு" என்றார். தை பிறப்பதற்குள் தலைப்பு அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பரீட்சை எழுத முடியாது. மறு வருஷம் என்ற பேச்சே எனக்கு இல்லை. அப்பா முன்பே சொல்லிவிட்டார்: "இந்த ஒரு வருஷந்தான் கண்ணு. தேறலீன்னா ஊட்டுக்கு வந்துரு."

மலைக் காய்ச்சலைப் பற்றி எழுதுவது என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் கொல்லிமலை அடிவாரம். ஒரு வருஷம் ஆடித் திருவிழாவுக்கு மலை ஏறிப் போன என் அம்மா காய்ச்சலோடு இறங்கி வந்தாள். ஐப்பசியில் அவள் இல்லை.

கார்த்திகை இருபதாம் தேதி, அப்பாவின் அக்காவான என் அத்தையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நடந்தே மலை ஏறினேன். மலைமேல் பல சிற்றூர்கள் சேர்ந்த வளப்பூர் நாட்டில், அறப்பளீசுவரர் கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கும் கொட்டகையில் இறங்கினோம். வழியெல்லாம் அத்தைக்கு ஒரே பேச்சு. "காச்சலப் பத்தி எழுத வந்து காச்சலையே வாங்கிட்டுப் போவப் போறோம், பாத்துக்க."

என் பத்துத் தலைப்புகளும் வீட்டைப் பற்றியவை. ஒரு வீட்டில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், எங்கே படுக்கிறார்கள், அடுப்புப் புகை கொசுவை விரட்டுகிறதா, பானைத் தண்ணீரில் புழு இருக்கிறதா, இப்படி. வீட்டுக்குள் போனால்தான் ஒவ்வொன்றையும் பார்க்க முடியும்.

முதல் ஊரில் முதல் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்காரர் என் வலது கையைப் பார்த்தார். முன்கையில் பச்சை குத்திய கோலம். எனக்கு ஏழு வயதில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து குத்திவிடச் சொன்னது.

"உள்ள வராதீங்க. பச்ச குத்துன கை எங்க ஊட்டுக்கு ஆகாதுங்க. சாமி குத்தம்."

"கொஞ்ச நேரந்தானுங்க" என்றேன்.

"கொஞ்சமா வந்தாலும் குத்தந்தானுங்க."

அவர் கோபமாகப் பேசவில்லை. நிழலில் உட்காரச் சொல்லி இரண்டு வாழைப்பழம் கொடுத்தார். அடுத்த வீட்டிலும் இதே பதில். அதற்கடுத்த வீட்டிலும் இதே.

இங்கேதான் நான் தவறு செய்தேன். முழுக்கை ரவிக்கை ஒன்றைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்திராத வேறோர் ஊருக்குப் போனேன். வெள்ளையம்மா என்ற பெண் என்னை உள்ளே அழைத்தாள். என் வயதுதான் இருக்கும். கைக்குழந்தைக்குக் காய்ச்சல். குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டுச் சாமைச் சோறு பரிமாறப் போனாள். எனக்கு ஒரே சந்தோஷம். ஐந்து தலைப்புகளை அங்கேயே பார்த்துவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

சாப்பிடுமுன் குழந்தையைப் பாயில் விட்டுக் கை கழுவ எழுந்தேன். கழுவுமுன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்று என்பது எங்கள் பள்ளியில் முதல் நாள் பாடம். கை தானாக ஏற்றிவிட்டது.

வெள்ளையம்மா பார்த்தாள். குழந்தையை எடுத்துக்கொண்டாள்.

"சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றாள்.

அன்று அந்த வீட்டில் ஆக்கிய சோற்றை வெளியே கொட்டினார்கள். பானை, பாய், முறம் எல்லாம் வாசலுக்கு வந்தன. வீடு முழுவதையும் சாணம் போட்டு மெழுகினாள். இடுப்பில் காய்ச்சல் குழந்தை. நான் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேதி எல்லா ஊருக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு என்னைக் கண்டால் வெளியிலும் யாரும் பேசவில்லை. நோட்டை எடுத்து ஒவ்வொரு தலைப்பாக அடித்தேன். பதினான்காம் நாள் எனக்கே குளிர்க் காய்ச்சல் கண்டது. யுத்த காலம், மலைக் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை கிடைப்பது அரிது. கொண்டுபோன மாத்திரைகளில் பாதியை வெள்ளையம்மாவின் குழந்தைக்கென்று வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தேன். மீதியைப் போட்டுக்கொண்டு போர்வைக்குள் கிடந்தேன். அரிவாள்மணையை எடுத்து அந்தக் கோலத்தைச் சுரண்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அம்மா வைத்துவிட்டுப் போனது அது ஒன்றுதான். அதையே வெறுத்தேன்.

"எறங்கிப் போயிரலாம் கண்ணு. பரீச்ச என்ன பரீச்ச, உசுரு இருந்தாப் போதும்" என்றாள் அத்தை. அன்று அவள் கேலி பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பதினாறாம் நாள் காய்ச்சல் விட்டிருந்தது. காலையில் தள்ளாடிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அடித்த பட்டியலை நோட்டிலிருந்து கிழித்துக் கையிலேயே வைத்திருந்தேன். வேண்டுதல் பெரிதாக ஒன்றும் இல்லை. "அப்பா, ஏமாற்றி உள்ளே போனேன். மன்னித்துக்கொள். இந்த மலையில் எனக்கு ஒரு கதவைத் திற. இல்லையென்றால் அழாமல் ஊருக்குப் போகும் பலத்தைக் கொடு." அவ்வளவுதான். அழுகைகூட வரவில்லை. எந்தக் குறியும் காணவில்லை.

திரும்பும் வழியில் நடக்க முடியாமல் ஓடைக்கரையில் உட்கார்ந்தேன். குடம் எடுத்துக்கொண்டு வெள்ளையம்மா வந்தாள். என்னைக் கண்டதும் திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"குழந்தை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"மாத்திரைக்கு அடங்கியிருக்குதுங்க."

"நான் செஞ்சது தப்பு வெள்ளையம்மா."

"பச்ச உங்க தப்பில்லீங்களே. சின்னதுல யாரோ குத்துனது. மறைச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் கோவம்." குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஊட்டுக்குள்ளதான் ஆகாது. ஓடைக்கு என்னங்க, யாரு வேணா வரலாம்."

குடிக்கலாம் என்று கரையோரம் கையை விட்டேன். "அங்க மொள்ளாதீங்க! புல்லு தொங்கற எடத்துல புழு கெடக்கும். நடுவுல மொள்ளுங்க, வராது" என்றாள்.

குனிந்து பார்த்தேன். தெளிந்த நீர். ஓடும் நீர். புல் நனையும் ஓரத்தில், நீரின் மேல்மட்டத்தோடு ஒட்டிப் படுத்த மாதிரி, மெல்லிய புழுக்கள். காய்ச்சல் பரப்பும் கொசுவின் புழு அப்படித்தான் கிடக்கும் என்று படித்திருக்கிறேன். வீட்டுப் பானையில் தேடத்தான் நான் வந்தேன். ஓடும் ஓடையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. தினமும் இரண்டு தடவை அதைத் தாண்டி நடந்திருக்கிறேன்.

கொட்டகைக்குப் போய் அத்தையின் அகப்பையை எடுத்து வந்தேன். "இனி அதுல நான் கொழம்பு கிண்டணுமாக்கும்!" என்று அத்தை கத்திக்கொண்டே பின்னால் வந்தாள். அந்தக் கத்தலைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. நடு ஓடையில் மொண்டேன், புழு இல்லை. புல் தொங்கிய கரையில் மொண்டேன், இருந்தது. மாட்டுக்குப் புல் அறுத்துப்போன கரையில் மொண்டேன். இல்லை. இன்னும் நாலு இடத்தில் பார்த்தேன். அப்படியேதான்.

அங்கேயே உட்கார்ந்து, அடித்த பட்டியலுக்குக் கீழேயே பதினோராவது தலைப்பை எழுதினேன்: "ஓடைக் கரையில் புல் அறுத்த இடத்திலும் அறுக்காத இடத்திலும் கொசுப்புழு: வளப்பூர் நாட்டில் கண்டது."

சந்தைக்கு வாழைத்தார் சுமந்து இறங்கிய வெள்ளையம்மாவின் கணவர் கடிதத்தைத் தபாலில் சேர்த்தார். பொங்கலுக்கு முந்தின நாள் பதில் வந்தது. டாக்டரம்மா ஒரே வரி எழுதியிருந்தார்: "இது கேள்வி. இதையே எழுது."

எழுதினேன். தேறினேன். இப்போது அடிவாரத்தில் வேலை பார்க்கிறேன். யுத்தமும் முடியவில்லை, கொயினாவும் தாராளமாகக் கிடைப்பதில்லை. மலையில் காய்ச்சலும் போய்விடவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளையம்மாவின் ஊர்ப் பெண்கள் இப்போது மாட்டுக்குப் புல் அறுக்க வேறு காட்டுக்குப் போவதில்லை. ஓடைக்கரையில்தான் அறுக்கிறார்கள்.

நான் கேட்டபடி எந்தக் கதவும் திறக்கவில்லை. இன்றும் மலை ஏறினால் வெள்ளையம்மா வீட்டு வாசலுக்கு வெளியேதான் உட்காருகிறேன். அரைக்கை ரவிக்கைதான் போட்டுக்கொண்டு போகிறேன். அவள் மணையை வெளியே எடுத்துப் போட்டு, சாமைச் சோற்றை அங்கேயே கொண்டுவந்து வைக்கிறாள். அவள் குழந்தை என் கைக் கோலத்தை விரலால் தடவிப் பார்க்கிறது. அவள் தடுப்பதில்லை.

சகோதரிகளே, உங்களில் யாருக்காவது எழுதியதெல்லாம் அடிபட்டுப் போயிருந்தால், வேறு நல்ல தாளைத் தேட வேண்டாம். அடித்த தாளையே எடுத்துக்கொண்டு அறப்பளீசுவரர் முன்னால் போய் நில்லுங்கள். நான் அப்படித்தான் நின்றேன். அந்தத் தாள் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை கேளுங்கள், கொண்டு வருகிறேன்.