வெலிங்டனில் வீட்டு வேலை

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ராக்கம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்த செய்தி தொழிலாளர் லைன் வீடுகள் அத்தனைக்கும் தெரியும். அதற்குப் பிறகு வந்த வினைதான் யாருக்கும் தெரியாது. இருமினால் சிறுநீர் ஒழுகியது, தும்மினால் ஒழுகியது. கொழுந்து மூட்டையைத் தூக்கினால் கேட்கவே வேண்டாம். ஈரத்துக்காக இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படங்குதான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இது வெளியே தெரிந்தால் லைனில் தலைகாட்ட முடியாது. வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்காரவும் வழியில்லை.

வெலிங்டனில் அலீனா என்றொரு பெண் பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சி சொல்லித் தருகிறார், அடிவயிற்றுச் சதை இறுகும் என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னார். ராக்கம்மா போனாள். பாயில் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, மூச்சை விட்டபடி இடுப்பைத் தூக்க வேண்டுமாம். மகளுடைய டிராக் பேண்ட் வேறு. சீச்சீ என்றிருந்தது. அலீனா அவள் வயிற்றில் கை வைத்துப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. முடிந்ததும் எல்லாருக்கும் டீயும் கொடுத்தார்.

ஞாயிறுதோறும் எங்கே போகிறாய் என்று லைனில் கேட்டபோது, வெலிங்டனில் ஒரு வீட்டில் வேலை என்று சொல்லிவைத்தாள். பக்கத்து வீட்டு மகாலட்சுமி விடவில்லை. எனக்கும் அங்கே வேலை வாங்கிக் கொடுங்க அக்கா என்று நச்சரித்தாள். ராக்கம்மாவுக்கு வாய்தான் சும்மா இருக்காதே! அந்தம்மா மகா பொல்லாதவள், டீத்தண்ணி கேட்டால் முறைப்பாள், சர்க்கரை டப்பாவுக்கே பூட்டுப் போடுவாள் என்று அளந்துவிட்டாள். வேலை தேடி இனி வரமாட்டாள் என்று நிம்மதியாக இருந்தாள்.

மகாலட்சுமி வேலை தேடி வரவில்லை, சண்டைக்கு வந்தாள். அடுத்த ஞாயிறு ராக்கம்மாவுக்குப் பின்னாலேயே அடுத்த பஸ்ஸைப் பிடித்து, வெலிங்டனில் விசாரித்து வந்து, மாடிப்படி அடியில் கிடந்த ராக்கம்மாவின் செருப்பை அடையாளம் கண்டு, விறுவிறுவென்று ஏறி வந்தாள். பாயில் கிடந்தவர்களை அவள் பார்க்கவே இல்லை.

"ஏனுங்க, ஆபரேசன் பண்ணுன பொம்பளைக்கு ஒரு வாய் டீ குடுத்தா கொறஞ்சா போயிருவீங்க? சர்க்கரையப் பூட்டி வெக்கறீங்களாமா?"

அலீனா ஒன்றும் புரியாமல் விழித்தார். ராக்கம்மா எழுந்து நின்றாள். ஒரு துணியை எடுத்துத் தரையைத் துடைத்து, வேலைக்காரி மாதிரியே சமாளித்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். அந்த நேரத்திலும் என்ன புத்தி பாருங்கள். ஆனால் தனக்காக மூச்சிரைக்க வந்து நிற்பவளின் முகத்தைப் பார்த்தபின் கை வரவில்லை.

"அவங்கள ஒண்ணும் சொல்லாத மகா. நான்தான் பொய் சொன்னேன். எனக்கு ஒண்ணுக்கு நிக்கறதில்ல. அதுக்குத்தான் வர்றேன்."

அத்தனை பெண்கள் முன்னால் சொல்லிவிட்டு, அவமானத்தில் உடம்பெல்லாம் கூச நின்றாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அலீனாவிடம் முனகினாள். பரவாயில்லை, உட்காருங்கம்மா என்றார் அலீனா. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மகாலட்சுமி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சின்னவன் பொறந்ததுல இருந்து எனக்கும் இப்படித்தானுங்கக்கா," என்றாள். "நான் இங்க வந்துரக் கூடாதுன்னுதான் இந்தம்மாவப் பொல்லாதவ ஆக்குனீங்களா?"

ஆமாம் என்பதைத் தவிர ராக்கம்மாவிடம் வேறு பதில் இல்லை.