சுருக்கெழுத்தம்மா எழுதாமல் விட்ட வரிகள்

இருபத்திரண்டு வருடமாகச் சொந்தமாக ஒரு வார்த்தை பேசாமல் சம்பாதித்தவள் அவள். சட்டசபைக் குழுக்கள் கூடும் கட்டடத்தில், பேசுகிறவர்களுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன மேசை. அதில் ஒரு நோட்டு, சீவிய ஆறு பென்சில்கள். நிமிடத்துக்கு நூற்று நாற்பது சொல் எழுதுவாள். யார் அழுதாலும், யார் யாரை ஏசினாலும் அவளுடைய பென்சில் நிற்காது. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் சுருக்கெழுத்தம்மாதான். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், இரண்டு அறை வீடு. கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்பவர். வருடத்தில் ஒன்பது மாதம் கடலில்தான் இருப்பார். வீட்டில் ஏழு வயது மகள் சிட்டு, பிறகு சுருக்கெழுத்தம்மாவின் அண்ணன்.

அந்த அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்லூரியில் படிக்கும்போது நண்பன் அறையில் யாரோ நீட்டிய கஞ்சாவை "சும்மா ஒரு இழுப்பு" என்று வாங்கியவர். இரண்டு வருடம் அந்த இழுப்பு ஓயவில்லை. பிறகு ஒரு நாள் குளியலறைக் குழாய் தன்னைப் பெயர் சொல்லித் திட்டுகிறது என்று ஈரத்தலையோடு தெருவுக்கு ஓடி வந்தார். பதினோரு வருடம் மனநல வார்டுக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். "புகைக்கிற எல்லாருக்கும் இப்படி ஆகிறதில்லைம்மா. சில பேர் தலையை மட்டும் பிடிச்சுக்கும். யார் தலைன்னு முன்கூட்டியே தெரியாது" என்றார் டாக்டர். இப்போது மாதம் ஓர் ஊசியில் நிதானமாக இருக்கிறார். செருப்புக் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி மடித்துக் கொடுக்கிறார். தங்கை வேலைக்குப் போனதும் சிட்டுவுக்கு அம்மாவும் அவரே, அப்பாவும் அவரே.

சிட்டுவுக்கு வலிப்பு. ஏழு மருந்து மாற்றியாயிற்று. கரண்டியைக் கையில் எடுத்தால் அது வாய்க்குப் போவதற்குள் ஒன்று வந்துவிடும். ஆஸ்பத்திரி வரிசையில் இன்னொரு தாய் ரகசியமாக ஒரு போன் நம்பர் கொடுத்தாள். பத்து நாளில் தலைக்குத் தடவும் எண்ணெய் என்ற பெயரில் ஒரு பழுப்புக் குப்பி வந்து சேர்ந்தது. அதே கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த எண்ணெய்.

அண்ணன் மூடியைத் திறந்து முகர்ந்தார். நேரே குளியலறைக்குப் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தார். தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தவர், ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "எவ்வளவு கொடுக்கணும், பாப்பா?" என்று தங்கையைக் கேட்டார்.

அன்று முதல் அந்த எண்ணெயை அளந்து கொடுப்பவர் அவர்தான். ஆறு வாரத்தில் வலிப்பு ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு என்று குறைந்தது. குழந்தைகள் டாக்டர் சிட்டுவின் முகத்தைப் பார்த்தார், தாயின் முகத்தைப் பார்த்தார். "நீங்க என்ன கொடுக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஆனா எதுவா இருந்தாலும் திடீர்னு நிறுத்திடாதீங்க. வலிப்பு மொத்தமாத் திரும்பி வந்தா தாங்காது" என்றார்.

அந்த எண்ணெய் வீட்டில் இருப்பது சட்டப்படி குற்றம். படிக்கட்டில் கனத்த காலடி கேட்டாலே அவள் குப்பியை மறைக்க ஓடுவாள்.

இந்த நிலையில்தான் அந்தக் குழு அமைந்தது. கஞ்சாவை மருந்தாக அனுமதிக்கலாமா, வயது வந்தவர்கள் விருப்பத்துக்குப் புகைக்கவும் அனுமதிக்கலாமா என்று பொதுமக்களைக் கேட்பதற்கான குழு. குழுவில் எழுதப் போகிறவர்கள், இந்த விஷயத்தில் தங்கள் குடும்பத்துக்குச் சம்பந்தம் உண்டா என்று எழுத்தில் சொல்ல வேண்டும். உண்டு என்றால் வேறு குழு. அவ்வளவுதான், தண்டனை ஒன்றுமில்லை. ஆனால் உண்டு என்றால் என்ன சம்பந்தம் என்பார்களே! 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சாட்சிகள் தயங்காமல் பேச வேண்டுமென்று ஒலிப்பதிவு வேண்டாம் என்றார் தலைவர். எனவே பென்சில் எழுதுவதுதான் பதிவு. ஒரு சாட்சிக்குப் பத்து நிமிடம்; அவளும் இன்னொருவரும் சாட்சிக்கு ஒருவராக மாறி மாறி எழுதினார்கள். அந்த இன்னொருவருக்கு அலுவலகத்தில் 'ரேடியோ' என்று பெயர். எழுதாத நேரத்தில் எல்லாம் பேசிக்கொண்டே இருப்பார்.

புற்றுநோய் வார்டின் நர்ஸ் வந்தாள். "ஒரு வாய் சாப்பாடு உள்ள தங்கினாப் போதும்னு அழுவுறாங்கய்யா. அவங்களுக்குச் சட்டம் பேச நேரமில்லை" என்றாள். போக்குவரத்து அதிகாரி வந்தார். "குடிச்சிருந்தா ஊதச் சொல்லிப் பிடிக்கிறோம். இதை எப்படிப் பிடிக்கிறது? லாரி ஓட்டறவன் போதையில இருக்கான்னு எதை வெச்சுச் சொல்றது?" என்றார். இளம் வக்கீல் ஒருத்தி, ஒரு சிட்டிகைக்காகச் சிறைக்குப் போய் வேலையும் கல்யாணமும் போன பையன்களின் பட்டியலை வாசித்தாள். சலூன்காரர் ஒருவர், "சாராயக் கடையைத் தெருவுக்குத் தெரு திறந்து வெச்சுட்டு இதுக்கு மட்டும் பூட்டா?" என்று கேட்டார். மகனைப் பறிகொடுத்த தகப்பன் எழுந்து, "ஒரு கடையால நாசமானது போதாதுன்னு ரெண்டாவது கடையா?" என்று திருப்பிக் கேட்டார்.

எல்லோர் பக்கமும் நியாயம் இருந்ததுதான் அவளுக்குக் கொடுமை. நர்ஸ் பேசினால் சிட்டு கண்ணில் வந்தாள். தகப்பன் பேசினால் ஈரத்தலையோடு ஓடிய அண்ணன் வந்தார்.

கடைசி நாள் காலை, சாட்சிப் பட்டியல் மேசைக்கு வந்தது. ஏழாவது பெயர் அண்ணனுடையது.

பத்திரிகையில் அறிவிப்பைப் பார்த்து அவராகவே எழுதிப் போட்டிருக்கிறார். விரல் விட்டு எண்ணினாள். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு அவளுடைய முறை.

"அண்ணே, இன்னைக்கு நீங்க முதல்ல ஆரம்பிங்களேன். நான் ரெண்டாவதா எழுதறேன்."

ஏழாவது பெயரில் நின்ற அவளுடைய விரலை ரேடியோ கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ஏம்மா, ஏழாவது ஆள் யாரு? பழைய காதலனா?"

"விளையாடாதீங்கண்ணே. தலைவலி."

"தலைவலின்னா நாலாவது ஆளுக்கு எழுதும்போதும்தானே வலிக்கும்? சரி சரி, முறைக்காதே. நானே ஆரம்பிக்கறேன்."

இடைவேளையில் தாழ்வாரத்துக்கு ஓடினாள். தேய்த்த சட்டையும் வாரிய தலையுமாக அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"சிட்டுவை யாரு பாத்துக்கறா?"

"எதிர்வீட்டு அக்கா. வலிப்பு வந்தா என்ன பண்ணணும்னு எழுதிக் கொடுத்துட்டுத்தான் வந்தேன். பயப்படாதே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா விட்டிருப்பியா? கடை திறக்கப் போறாங்களாம், பாப்பா. என்னை மாதிரி ஒருத்தன் போய்ச் சொல்ல வேண்டாமா?"

"தாராளமாச் சொல்லு. சிட்டுவைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே. உன் காலைப் பிடிச்சுக்கறேன்."

அவர் தரையைப் பார்த்தார். "நானா எடுக்க மாட்டேன். கேட்டாங்கன்னா பொய் சொல்ல வராது எனக்கு. குரல் கேக்குதுன்னு உள்ளதைச் சொன்னதாலதானே நான் மனுஷனா திரும்பி வந்தேன்?"

மணி அடித்தது.

ஐந்தாவதாக வர வேண்டிய தலைமை ஆசிரியர் வரவில்லை. தலைவர் அவர் பெயரை அடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். வரிசை ஒன்று நகர்ந்தது. ஏழாவது ஆள் ஆறாவதானார். முறையை மாற்றாமல் இருந்திருந்தால் ரேடியோ எழுதியிருப்பார். மாற்றிக்கொண்ட பாவத்துக்கு அண்ணன் நாற்காலியில் உட்காரும்போது பென்சில் அவளுடைய கையில் இருந்தது.

அண்ணன் நன்றாகத்தான் பேசினார். "ஐயா, நான் கெட்டவன் இல்லை. நல்லாப் படிச்சவன். கடையில வெச்சு வித்தா, அரசாங்கமே விக்குது, ஒண்ணும் ஆகாதுன்னு என்னை மாதிரி ஒருத்தன் நினைப்பான். நூறு பேர் இழுத்துட்டு வீட்டுக்குப் போவான். ஒருத்தன் வார்டுக்குப் போவான். அந்த ஒருத்தனுக்கு யாரு ஜவாப்பு?"

பென்சில் ஓடியது. ஒரு சொல் தவறவில்லை.

"அப்போ மருந்தாவும் வேண்டாங்கிறீங்களா?" என்று தலைவர் கேட்டார்.

அண்ணன் தலைவரை நேராகப் பார்த்தார். "மருந்தா வேணும்யா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணால பாத்திருக்கேன். ஒரு குழந்தை. ஒரு நாளைக்கு முப்பது, நாப்பது தடவை வலிப்பு வரும். அந்த எண்ணெய் கொடுத்த பிறகு ஒண்ணு, ரெண்டுதான். நானே என் கையால கொடுத்திருக்கேன்."

'ஒரு குழந்தை' என்ற இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. முனை தாளைத் தொட்டபடி இருந்தது, கை மட்டும் நகரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறை. நான்கு வரிக்கு இடம் வெறுமையாகக் கிடந்தது. எழுதாவிட்டால் யாருக்குத் தெரியும்? பதிவில் இல்லாதது நடக்காதது. இந்த எண்ணம் வந்ததும் அவளுக்கே உடம்பு கூசியது.

குழுவின் பெண் உறுப்பினர், முன்னாள் நீதிபதி, முன்னுக்குச் சாய்ந்தார். "இது குற்றம்னு தெரிஞ்சு சொல்றீங்களா? யாரோட குழந்தை?"

"அதைச் சொல்ல மாட்டேன்மா. நான் புகைச்சதும் குத்தம், அந்தக் குழந்தைக்கு மருந்து கொடுக்கிறதும் அதே குத்தம்னா, ரெண்டுக்கும் ஒரே பேர் வெச்சவங்களைத்தான் கேக்கணும்."

"கொஞ்சம் இருங்க." உறுப்பினர் பக்கவாட்டு மேசையைப் பார்த்தார். "குழந்தையைப் பத்தி இவர் சொன்னதை அப்படியே திருப்பி வாசிங்க, அம்மா."

சாட்சி சொன்னதைத் திருப்பி வாசிப்பது அவளுடைய வேலையில் ஒரு பகுதி. ஆயிரம் தடவை வாசித்திருப்பாள். இப்போது எழுந்து நின்று, வெறுமையாகக் கிடந்த அந்த நான்கு வரியைப் பார்த்தாள். மனதில் கேட்டதை அப்படியே வாய்க்குக் கொண்டுவந்தாள்.

"கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு குழந்தை. ஒரு நாளைக்கு முப்பத்தேழு தடவை வலிப்பு வரும்..."

ரேடியோவின் தலை சட்டென்று திரும்பியது.

"முப்பத்தேழா?" உறுப்பினரின் புருவம் உயர்ந்தது. "முப்பது, நாப்பதுன்னுதானே சொன்னார்?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். எண்ணெய் வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மகளை மடியில் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து சுவரில் பென்சிலால் கோடு கோடாகக் கிழித்து எண்ணியவள் அவள். முப்பத்தேழு கோடு. அந்த எண்ணிக்கை அவளைத் தவிர யார் வாயிலும் வந்திருக்காது.

"நோட்டை இங்க கொண்டு வாங்க."

நோட்டை எடுத்துப் போகவில்லை அவள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நோட்டுல அது இல்லைம்மா. நான் எழுதலை. எழுதக் கை வரலை. இவர் என் அண்ணன். அந்தக் குழந்தை என் குழந்தை. முப்பத்தேழுன்னு எண்ணினது நான். சம்பந்தம் இல்லைன்னு கையெழுத்துப் போட்டது பொய். என்னை என்ன வேணா பண்ணுங்க. அந்தக் குப்பியை மட்டும் எடுத்துடாதீங்க. நிறுத்தினா என் பொண்ணு பிழைக்க மாட்டா."

அவள் பேசப் பேச, பக்கத்தில் ஒரு சரசரப்பு. ரேடியோ தன் நோட்டைத் திறந்து, கன்னத்தில் வழிவதைத் துடைக்காமல், ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

கூட்டம் அதோடு கலைந்தது. அரை மணி நேரத்தில் பணி இடைநீக்கக் கடிதம் வந்தது. அண்ணனும் தங்கையும் பெஞ்சில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். அவருடைய குரல் தாழ்ந்திருந்தது.

"குழுவோட அறிக்கை வர மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் சட்டம் சட்டம்தான். இந்த எண்ணெய் குழந்தைக்கு அவசியம்னு டாக்டர்கிட்ட எழுத்துல வாங்கிட்டு வாங்க. அது இருந்தா விதிவிலக்கு கேட்டு நான் மேல அனுப்பறேன். கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வேணும். அதுக்குள்ள போலீஸுக்குத் தகவல் போனா என்னால நிறுத்த முடியாது."

பஸ்ஸில் அண்ணன் கேட்டார். "கோவமா, பாப்பா?"

"உன் மேல என்ன கோவம்? உன்னைப் பேசாதேன்னு சொல்லிட்டு நானே உளறிட்டேன்."

வீட்டில் சிட்டு தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். "மாமா, இன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு! அது கூடச் சின்னது!" என்றாள், பரிசு வாங்கியவள் மாதிரி. அண்ணன் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பன்னிரண்டு நாளைக்கு வரும்.

எண்ணெய் அனுப்பிய அந்த நம்பருக்கு அவள் போன் செய்தாள். நெடுநேரம் அடித்த பிறகு ஒரு பெண் குரல். "நீங்கதானே இன்னைக்குக் குழுவில பேசின அம்மா? செய்தியில சொல்லிட்டாங்க. தப்பா நினைக்காதீங்க, எனக்கும் பிள்ளைங்க இருக்கு. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க."

போன் துண்டிக்கப்பட்டது. அண்ணன் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"டாக்டர் ஏழு மணி வரைக்கும் இருப்பார். கிளம்பு" என்றார்.

சிட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு இருவரும் மூன்று மாடி இறங்கினார்கள். கிளினிக்கில் பதினான்காவது டோக்கன். அறைக்கு வெளியே வரிசையில் ஏதோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டே இருந்தது. என்ன கொடுக்கிறோம் என்று தெரியவே வேண்டாம் என்ற மனிதரிடம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அதை அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும். அவர் முடியாது என்றால் அடுத்த கதவு எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பதினாலு" என்று நர்ஸ் கூப்பிட்டாள். அண்ணன் எழுந்து கதவைத் தள்ளிப் பிடித்தார். குழந்தையை இறுக்கிக்கொண்டு அவள் உள்ளே நுழைந்தாள். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பேசத் தொடங்கினாள்.