இருபத்துமூன்றாம் பெட்டியின் நேர்கோடு

எட்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவளிடம் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, படுத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது, என்ன மாத்திரை போடலாம் என்பதுதான். தப்பு அவள் அம்மாவுடையது. "எம்பொண்ணு தூக்கத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி டாக்டர் ஆயிட்டா" என்று அம்மா போகிற இடமெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தாள். அதில் பொய் ஒன்றும் கிடையாது. யாருடைய தூக்கம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள். கேட்டவர்களிடமெல்லாம் "சாயங்காலத்துக்கு மேல டீ குடிக்காதீங்க" என்று இவள் சொல்லிவைக்க, அதில் நாலு பேருக்கு நிஜமாகவே தூக்கம் வந்து தொலைத்தது. 'தூக்க டாக்டர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அலுவலகத்திலும் அதுதான் பெயர்.

அவள் ஆராய்ந்தது சென்சார் பெட்டிகளின் தூக்கத்தை. பாலத்தின் அடிவயிற்றில் ஒட்டிவைக்கிற சோப்புக்கட்டி அளவுப் பெட்டிகள் அவை. ஒயர் கிடையாது, உள்ளே ஒரு பேட்டரி மட்டும். பாலம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றும் அளந்து, பக்கத்துப் பெட்டிக்கு ரேடியோவில் சொல்லும். அது அடுத்ததற்குச் சொல்லும். இப்படிக் காதோடு காதாகச் சேதி பாலத்தின் முனைக்கு வந்து, அங்கிருந்து அலுவலகத் திரையில் கோடாக ஓடும். பேசினால் பேட்டரி தீரும், பேசாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் தீரும். அதனால் எல்லாப் பெட்டிகளும் பத்து நிமிடம் தூங்கி, ஒரே நொடியில் விழித்து, பேசவேண்டியதைப் பேசி, மறுபடி தூங்கிவிட வேண்டும். ஒன்று அசந்துவிட்டால் மற்றவை அதைத் தாண்டிப் பேசிக்கொள்ளும், ஆனால் அதன் சேதி யார் காதிலும் விழாது. நாற்பது பெட்டிகளை ஒரே நொடியில் எழுப்புவது எப்படி என்று கண்டுபிடிக்கத்தான் எட்டு வருடம் ஆனது. நாலு மாதத்தில் செத்துக்கொண்டிருந்த பேட்டரி மூன்று வருடம் உழைத்தது. உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடினாள். பாதி இடத்தில் அனுபவம் இல்லை என்றார்கள், மீதி இடத்தில் இவ்வளவு படித்தவளுக்குக் கொடுக்க எங்களிடம் வேலை இல்லை என்றார்கள். கடைசியில் பாலங்களைக் கண்காணிக்கும் ஒரு சின்னக் கம்பெனி, அவள் ஆராய்ச்சிக்கு எழுதிய புரோகிராமையும் அவளையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. புரோகிராம் ஏசி அறைக்குப் போனது. அவளுக்கு மஞ்சள் ஏணி ஒன்றைக் கொடுத்தார்கள். வேலையின் பெயர் களப் பொறியாளர். வேலை, ஏணியில் ஏறிப் பேட்டரி மாற்றுவது. பேட்டரி மாற்றாமலிருக்க வழி கண்டுபிடித்தவளையே பேட்டரி மாற்ற வைத்ததில் கம்பெனிக்கு எந்த நெருடலும் இருந்ததாகத் தெரியவில்லை.

பதினோரு வருடம் இப்படி ஓடியது. பன்னிரண்டாவது வருடத்தில் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் ஓய்வு பெறப்போவதாகச் சேதி வந்தது. மேலாளர் அவளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஆத்துப் பாலத்துக்கு வருஷாந்தர சர்டிபிகேட் கொடுக்கணும் இல்லையா. இந்தத் தடவை நீங்களே கையெழுத்துப் போடுங்க. பெரிய பாலம், பேர் வெளியில தெரியும். வெள்ளிக்கிழமை நிர்வாகத்துக்கு ஒரு பத்து நிமிஷம் பேசிக் காட்டுங்க. அதுக்கப்புறம் அந்தச் சீட்டு உங்களுக்குத்தான்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் தலைவரின் நாற்காலியில் எவ்வளவு சாய்ந்து உட்காரலாம் என்பதைக்கூட மனதுக்குள் அளந்து பார்த்தாள். பதினோரு வருடம் ஏணியின் மேல் நின்றவளுக்கு அந்த ஆசை வந்ததில் தப்பில்லை.

ஆற்றுப் பாலம் அவளுக்கு வேறு விதத்திலும் சொந்தம். அவள் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். ஒரு நாளைக்கு எட்டு முறை அந்தப் பாலத்தைக் கடப்பார். அதிகம் பேசாத மனிதர். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் சாப்பிட்டுக் கைகழுவும்போது, "அந்தப் பாலத்துல மூணாவது தூணைத் தாண்டுறப்போ ஒரு தூக்கு தூக்கிப் போடுது" என்றார்.

அவள் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். மூன்றாவது தூணின் தலையில் இருப்பது இருபத்துமூன்றாம் பெட்டி. அதன் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல ஓடியது.

"பாருங்க, ஒரு நூல் அசைவு இல்ல. உங்க சீட்டு ஸ்பிரிங் போயிருக்கும்."

அவர் டெப்போவில் எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து இருக்கையை மாற்றினார்கள். மாற்றியும் தூக்கிப் போடுகிறது என்றார். "அப்போ டயரைப் பாருங்க" என்றாள், லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல். டயரையும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தான் ஜெயித்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ராத்திரி வெள்ளிக்கிழமைப் பேச்சுக்குப் படங்களைத் தயார் செய்துகொண்டிருந்தாள். முதல் படமே இருபத்துமூன்றாம் பெட்டிதான். அதன் பேட்டரி ஏழு மாதமாக எண்பத்தொரு சதவீதத்திலிருந்து இறங்கவே இல்லை. மற்ற பெட்டிகளெல்லாம் மாதாமாதம் கொஞ்சம் கரைந்தன. இது மட்டும் அவள் ஆராய்ச்சியில் எழுதியதைவிட நன்றாகத் தூங்கியது. 'தூக்கத்தின் வெற்றி' என்று தலைப்புக்கூட வைத்துவிட்டாள். படம் பளிச்சென்று தெரியட்டும் என்று கோட்டைப் பெரிதாக்கினாள்.

மற்ற பெட்டிகளின் கோடுகள் மத்தியான வெயிலில் மேலே ஏறி, விடியற்காலையில் கீழே இறங்கின. எல்லாப் பாலமும் அப்படித்தான், சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். இருபத்துமூன்று மட்டும் 0.041 டிகிரி. காலையிலும் 0.041. மழை கொட்டிய வாரத்திலும் 0.041. வெயிலைச் சட்டை செய்யாத பாலம் உலகத்தில் கட்டப்படவில்லை.

அந்தக் கோடு உறைந்துபோயிருந்தது. ஏன் என்று அவளுக்குத் தெரியும், அவளுக்கு மட்டும்தான் தெரியும். புரோகிராமைத் திறந்து தேடினாள். முந்நூற்றுப் பன்னிரண்டாவது வரி இருந்த இடத்திலேயே இருந்தது.

மாணவியாக இருந்தபோது, ஆய்வுக் குழுவின் முன்னால் பேசுவதற்கு முதல் நாள் எழுதிய வரி அது. அப்போதெல்லாம் பெட்டிகள் அடிக்கடி அசந்துபோகும், கோட்டில் ஓட்டை விழும். "இதென்னம்மா, கிழிஞ்ச பனியன் மாதிரி இருக்கு" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். அதனால், சேதி வராவிட்டால் கடைசியாக வந்த சேதியையே, பேட்டரி அளவோடு சேர்த்து, திரும்பக் காட்டு என்று ஒரு வரி சேர்த்தாள். பக்கத்தில், 'தற்காலிகம். பிறகு எடுக்க வேண்டும்' என்று குறிப்பும் எழுதினாள். பட்டம் வந்த சந்தோஷத்தில் மறந்துபோனாள். கம்பெனி அந்த வரியையும் சேர்த்துத்தான் வாங்கியது. குறிப்பை அதற்குப் பிறகு யாரும் படிக்கவில்லை.

ஆகவே செத்துப்போன பெட்டிதான் எல்லாவற்றையும்விட ஆரோக்கியமாகத் தெரியும். அதைத்தான் அவள் வீட்டுக்காரருக்குக் காட்டியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை பேச்சுக்குப் போகாமல் ஏணியோடு பாலத்துக்குப் போனாள். மூன்றாவது தூணுக்கு ஏறிப் பெட்டியைத் திறந்தாள். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. எறும்புகள் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்தன. துடைத்துவிட்டுப் புதுப் பேட்டரியைப் போட்டாள். பெட்டி விழித்தது. 0.318. அனுமதித்த எல்லை 0.1 டிகிரி. ஏணியைப் பிடித்துக்கொண்டு தலைக்கு மேலே பார்த்தாள். தூணுக்கும் பாலத்துக்கும் நடுவில் பாரத்தைத் தாங்கி இருக்கவேண்டிய ரப்பர் பேரிங் ஒரு கை அகலத்துக்கு வெளியே நழுவியிருந்தது.

மேலாளருக்குப் போன் செய்தாள்.

"எல்லாரும் வந்து உக்காந்திருக்காங்க, நீங்க எங்க இருக்கீங்க?"

"பாலத்துக்கு அடியில. சார், பாலத்தை மூடணும்."

அவள் சொன்னதை அவர் முழுதாகக் கேட்டார். "புது பேட்டரி போட்டாச்சு இல்ல? அப்போ இன்னைலேர்ந்து சாய ஆரம்பிச்சதா இருக்கட்டும். பழைய வரியைப் பத்தி இப்போ பேச வேண்டாம். மொதல்ல இங்க வாங்க, பேசிக்கலாம்" என்றார்.

அவள் பாலத்தின் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தாள். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பாலத்தை மூடுவதென்றால் மெயில் வேண்டும் என்றார். தூணின் மேலேயே உட்கார்ந்து அனுப்பினாள். கம்பெனி முத்திரை இல்லையே என்றார். மணி பத்து முப்பத்தைந்து. பத்து நாற்பது வண்டி அவள் வீட்டுக்காரருடையது. வண்டி ஓட்டும்போது அவர் போனை எடுக்கமாட்டார். ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கியவளே அவள்தான்.

கீழே இறங்கி, ஏணியைத் தூக்கிக்கொண்டு கரை மேலே ஓடினாள். பாலத்தின் முனையில், சாலையின் குறுக்கே மஞ்சள் ஏணியைப் போட்டாள். இரண்டு கார்கள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. ஒரு கார்க்காரர் அவள் பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவதாகப் பேருந்து வந்து, ஏணிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம். வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார்.

"என்ன?"

"பாலத்துல போகாதீங்க."

அவர் அவளுடைய சேறான சட்டையைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார்.

"அப்போ, தூக்கிப் போட்டது சீட்டு இல்லையா?"

"சீட்டு இல்லீங்க."

ஆதாரம் காட்டு என்று அவர் கேட்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்து, வண்டியை முன்னும் பின்னுமாக இரண்டு முறை நகர்த்தி, சாலையை முழுதாக அடைத்துக் குறுக்கே நிறுத்திவிட்டு, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பயணிகள் அவரைக் கிழிகிழியென்று கிழித்தார்கள். அவர் இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றார். கட்டுப்பாட்டு அறைக்கு இப்போது மெயில் தேவைப்படவில்லை, மறுமுனையையும் அவர்களே மூடினார்கள். அவள் அங்கேயே, அத்தனை பேர் பார்க்க, அழுதாள்.

பாலத்தைச் சரிசெய்ய நாற்பத்தொரு நாள் ஆனது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் தாங்கியிருக்காது என்று சோதித்தவர்கள் எழுதினார்கள். அந்த நாற்பத்தொரு நாளும் ஊரே சுற்றுவழியில் போய்க்கொண்டு அவளை வாழ்த்தியது. வாழ்த்திய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. முந்நூற்றுப் பன்னிரண்டாவது வரியை அவள் எடுத்துவிட்டதால், சேதி வராத இடங்களில் கோடு ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. திரை கெட்டுப்போய்விட்டது என்று வாடிக்கையாளர்கள் புகார் செய்தார்கள்.

கடைசியாக, விபத்துத் தடுப்பு அறிக்கை ஒன்றை நிரப்ப வேண்டியிருந்தது. பொறுப்பான பொறியாளர் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். மேலாளர் அவள் மேசைக்கே வந்தார். ஆராய்ச்சிப் பிரிவு நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்பதை நினைவூட்டினார். "வெள்ளிக்கிழமை சென்சார் கண்டுபிடிச்சுது, நாம உடனே மூடினோம். அவ்வளவுதான். அதுல பொய் ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அறிக்கையைத் திரையில் திறந்தாள். வேலை சுலபமாகட்டும் என்று வேறொரு பாலத்துக்குப் போன வருடம் எழுதிய பதில்களே எல்லாக் கட்டங்களிலும் தானாக வந்து நிரம்பியிருந்தன. அவள் ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு வீட்டுக்காரருக்குப் போன் செய்து, டெப்போவில் எழுதிக் கொடுத்த புகாரின் நகல் இருக்கிறதா என்று கேட்டாள். சட்டைப் பையிலேயே இருந்தது. தேதியைப் படித்துச் சொன்னார். எதற்கு என்று கேட்கவில்லை.

குறையை முதலில் கண்டறிந்த கருவி எது என்ற கட்டத்தில், 'கருவி அல்ல, பேருந்து ஓட்டுநர்' என்று எழுதினாள். எந்தத் தேதியில் என்ற கட்டத்தில் ஏழு மாதத்துக்கு முந்தைய அந்தத் தேதியைப் போட்டாள். யாரிடம் தெரிவிக்கப்பட்டது என்பதற்கு, 'என்னிடம்' என்று எழுதினாள்.

அதன்மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என்று அடுத்த கட்டம் கேட்டது. காலியாக விட்டால் அறிக்கை அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை.

'இருக்கையை மாற்றச் சொன்னேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள்.