மோதிரத்தில் சுற்றிய நூல்

மலைக்கோட்டையைச் சுற்றி நடக்கும் எங்கள் பெண்கள் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் விடியற்காலையில் அந்தச் செய்தி வந்தது: "ஜெசிந்தா டீச்சர் தவறிட்டாங்க." அதற்கு மேலே, முந்தின நாள் யாரோ போட்ட "இன்னைக்கு ரெண்டு சுத்து" அப்படியே கிடந்தது. குழுவை ஆரம்பித்தவளே அவள்தான்.

எங்கள் பள்ளியில் படித்த உங்களில் பலருக்கு அவள் அறிவியல் டீச்சர். எனக்கோ ஆசிரியர் அறையில் இருபது வருஷம் பக்கத்து நாற்காலி. இருவருக்கும் ஒரே வயது, ஒரே பங்குக் கோவில். ஒரு காலத்தில் ஒரே பருமனும்கூட. அவள் நடந்து, சாப்பாட்டை மாற்றி, ஒன்றரை வருஷத்தில் மெதுவாக இளைத்தாள். நான் பொறாமையில் வெந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தியை நாற்பது நாளும் இருப்பதென்று கிளம்பினேன். ஊருக்குத்தான் பக்தி, உள்ளே தங்கை மகள் கல்யாணத்துக்குப் பழைய ஜாக்கெட் நுழைய வேண்டும் என்ற ஆசை. ஒன்பதாம் நாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தேன். ஜெசிந்தாதான் ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டுத் திட்டினாள்:

"ஏண்டி மேரி, ஒருசந்தி ஆண்டவருக்கா, ஜாக்கெட்டுக்கா? ஏறுனது பத்து வருசம். நாப்பது நாள்ல எறங்கிருமா?"

மறுநாளிலிருந்து என் சாப்பாட்டுத் தட்டு அவள் பொறுப்பு. "சோத்துக்கு வெஞ்சனம் தொட்டுக்கிறத விடு. வெஞ்சனத்துக்குச் சோறு தொட்டுக்க" என்பாள். கீரை, அவரைக்காய், முட்டை என்று வெஞ்சனம் நிறைய. சோறு ஒரு கரண்டி. பிரியாணியை நிறுத்தச் சொல்லவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை, அதுவும் மத்தியானத்தில். காலையில் என் வீட்டு வாசலில் நின்று, "வாரியா, நான் போகட்டா?" என்று தெருவே கேட்கக் கத்துவாள். எட்டு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தேன். அன்று அவள் சொன்னதை எழுத இப்போது கூசுகிறது.

"பாடுபட்டுக் கொறஞ்சா சந்தோசப்படு. பாடுபடாமக் கொறஞ்சா அன்னைக்கே டாக்டரப் பாரு."

இந்த வருஷத் தவக்காலத்தில் ஜெசிந்தா மறுபடியும் இளைத்தாள். தோள் எலும்பு தெரிந்தது. கல்யாண மோதிரம் கழன்று விழாமலிருக்க அதில் வெள்ளை நூல் சுற்றியிருந்தாள். இரண்டு சுற்று நடப்பவள் பாதிச் சுற்றிலேயே உட்கார்ந்தாள். கோவில் வாசலில், "ஒருசந்தியில நல்லா மெலிஞ்சுட்டீங்க டீச்சர், குடுத்து வச்சவங்க" என்றார்கள். நானும் சும்மா இருந்தேனா? "மோதிரத்துக்குமா டயட்டு?" என்று கேலி செய்தேன். "ஒருசந்திதானடி. சாப்பிடவும் தோணல, அம்புட்டுதான்" என்று சிரித்தாள். வேறு மாதமாக இருந்திருந்தால் யாராவது ஒருத்தி கேட்டிருப்போம். தவக்காலம் எங்கள் எல்லோர் கண்ணையும் கட்டிவிட்டது.

ஈஸ்டர் அன்று எங்களுக்குப் பரிமாறினாளே தவிர, அவள் ஒரு வாய் வைக்கவில்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். முற்றிவிட்டதாம். பார்க்கப்போன நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன்.

"விடுடி. நான் சொன்னது எனக்கே ஞாபகம் வரல" என்றாள். பிறகு, "உனக்காச்சும் வந்திருக்கலாம்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. கேட்காமல் இருந்தவள் நான் என்பது மட்டும் தெரியும்.

அடக்கத்தில் ஒருவர், "நடந்து நடந்து என்னத்தக் கண்டாங்க?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் நடையால் சாகவில்லை ஐயா. நடந்த நாளெல்லாம் நன்றாகவே இருந்தாள்.

முப்பதாம் நாள் பூசைக்கு அவள் கணவர் வந்திருந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். "துக்கத்துல எளைச்சுட்டாரு, பாவம்" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவள் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு வாக்கியம்தான். இந்தத் தடவை அதை மறக்கவில்லை. நேரே அவரிடம் போனேன்.

"அண்ணே, எத்தனை நாளா இப்படிக் கொறையுது?"

தெரியவில்லை என்று தலையை ஆட்டினார்.

"காலையில வாசல்ல வந்து நிப்பேன். டாக்டர்ட்ட போறோம்."