காப்பிக் களத்தில் காயவைத்த காகிதங்கள்

எனக்கு ஊர் வாழவந்தி. ஏற்காட்டில் ஒரு ஐயா வீட்டில் வேலை பார்த்தேன். நாற்பது வருஷம் வெளிநாடுகளில் இருந்து பத்திரிகைக்குச் செய்தி எழுதியவர். தனியாக இருந்தார். "மறதி வந்திருச்சு, சென்னைக்கு வந்துருங்க" என்று மகள் போனில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஐயாவுக்கு மலையை விட்டு இறங்க மனசில்லை.

ஐயா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மழையில் ஓடு ஒழுகி அவருடைய கடிதங்களும் குறிப்புகளும் நனைந்துவிட்டன. வெயில் வந்ததும் காப்பிக் களத்தில் பரப்பிக் காயவைத்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. காப்பிக்கொட்டையைப் பிரிக்கிற மாதிரி பெரிசு, நடுத்தரம், சிறிசு என்று பிரித்துக் கட்டினேன்.

ஐயா திரும்பி வந்ததும், "நல்லாக் காஞ்சிருச்சுங்க. அளவு பார்த்துக் கட்டியிருக்கறனுங்க" என்றேன்.

ஒரு கட்டைப் பிரித்து, காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"நாடு வாரியா, வருஷ வாரியா அடுக்கியிருந்தேன் சாமி" என்றார். பிறகு சிரித்தார். "எல்லா நாட்டையும் ஒண்ணு சேத்துட்டியே. எவனாலயும் முடியலை."

மறுவாரம், காகிதங்களை ஒரு நூலகத்துக்குக் கொடுக்க மகள் வந்தார். கட்டுகளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"யாருப்பா இப்படிக் கலைச்சது?"

நான் டீயோடு நின்றிருந்தேன். ஐயா என் பக்கம் திரும்பவில்லை.

"நான்தாம்மா. எதையோ தேடினேன்."

"இதுக்குத்தான் தனியா இருக்க வேண்டாங்கறேன். இனிமே ஒரு நாள்கூட விட மாட்டேன்."

வேலை போய்விடும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாளே மகள் அவரைக் காரில் கூட்டிப்போய்விட்டார். ஐயா சென்னையிலேயே இறந்தார்.

வேலை போகவில்லை. ஆள் இல்லாத வீட்டைத் தினமும் பெருக்குகிறேன்.