லிட்டருக்கு இருபது கிலோமீட்டர்: விராலிமலைக்கு இரண்டு நடை

புது டீசல் ஹேட்ச்பேக் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாங்கும்போது லிட்டருக்கு இருபத்து மூன்று கிலோமீட்டர் என்றார்கள். முதல் இரண்டு மாதம் எனக்குக் கிடைத்தது பதினாறு.

வீடு திருக்கோகர்ணம். இலுப்பூர் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை. போக வர தினமும் அறுபது கிலோமீட்டர், அதனால்தான் டீசல். என் கணவர் அரசு பஸ் டிரைவர். எந்த டிரைவர் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் எடுக்கிறார் என்று டெப்போவில் மாதாமாதம் பார்ப்பார்கள், ‘கே.எம்.பி.எல்.’ என்று பேர். பதினெட்டு வருடமாக அந்தப் பேச்சிலேயே வாழ்கிற மனிதரை ஒரு வார்த்தை கேட்காமல், என் சேமிப்பில் வண்டியை எடுத்துவிட்டேன். அவர் திட்டவில்லை. வண்டியில் ஏறவும் இல்லை. கடைத்தெருவுக்கு, கீழராஜவீதிக்குக்கூட டவுன் பஸ்ஸில்தான் போனார்.

போன மாதம் அவருக்கு ஓய்வாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பேச்சை எடுத்தேன்.

“ஏங்க, விராலிமலைக்கு நான் ஒரு நடை, நீங்க ஒரு நடை. ரெண்டையும் சேத்துப் பாப்போம். இருபது வரலன்னா வித்துருவோம்.”

“நெசமா வித்துருவியா?”

“வித்துருவேன்.”

சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

காலை 6.10. பங்க்கில் டேங்க் நிரப்பினோம். குழாய் தானாக நின்றதும் அதோடு நிறுத்தச் சொன்னேன். முதல் நடை என்னுடையது: அன்னவாசல், இலுப்பூர் வழியாக விராலிமலை, அதே வழியில் திரும்ப. மொத்தம் 84 கிலோமீட்டர். ஏசி போடவில்லை. வாயை மூடிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். அன்னவாசல் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“ஒனக்குக் காலு கனம். ஸ்பீடு பிரேக்கர் கண்ணுல பட்ட ஒடனே ஆக்ஸிலேட்டர விட்டுரணும். கிட்டப் போயி பிரேக்க மிதிச்சா, எரிச்ச டீசல் பூராம் வீண்.”

கோபம் வந்தது. ஆனாலும் சொன்னபடி ஓட்டினேன். விராலிமலையில் ஆளுக்கு நாலு இட்லி. திரும்பி வந்து அதே குழாயில் நிரப்பினால் 3.94 லிட்டர் பிடித்தது. லிட்டருக்கு 21.3! அவர் மீட்டரை இரண்டு தடவை குனிந்து பார்த்தார்.

அவருடைய நடை 10.20க்குத் தொடங்கியது. பதினெட்டு வருடத்தில் அவர் ஓட்டும் பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. கியர் மாற்றுவதே தெரியவில்லை. வேகம் ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை. ரோட்டுக் குறுக்கே வந்த மயிலுக்குக்கூட பிரேக்கைத் தொடாமல் வேகத்தைக் குறைத்தார். விராலிமலையில் வண்டியின் திரை லிட்டருக்கு 23.4 என்று காட்டியது. வண்டி நமக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

திரும்பும்போது, அன்னவாசல் தாண்டி ஒரு பஸ் நிறுத்தத்தில் நாலைந்து வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா கை நீட்டினார். நான் சொல்வதற்கு முன்பே வண்டி ஓரம் கட்டியிருந்தது.

“பஸ்ஸு இப்பத்தாங்க போச்சு. புள்ள மூக்குல புளியங்கொட்டயப் போட்டுக்கிருச்சு. நான் எடுக்கப்போயி இன்னும் உள்ள போயிருச்சுங்க. இங்க ஆஸ்பத்திரில பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டாங்க.”

“ஏறுங்கம்மா. புள்ளய நிமித்தி வச்சுக்கங்க. மூக்க நோண்ட விடாதீங்க,” என்றார் என் கணவர்.

குழந்தை வாயால் மூச்சு வாங்கி வாங்கி அழுதது. வேர்த்து ஒழுகியது. அவர் ஏசியைப் போட்டார், ஆக்ஸிலேட்டரை மிதித்தார். திரையில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. உண்மையைச் சொல்கிறேன், பின்னால் ஒரு குழந்தை அப்படி அழும்போதும் என் கண் அந்த எண்ணில்தான் இருந்தது. எனக்கே வெட்கமாகி, திரும்பிக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பெரியாஸ்பத்திரி ஊருக்கு வெளியே, தஞ்சாவூர் ரோட்டுப் பக்கம் இருக்கிறது. உள்ளே போன இருபதாவது நிமிடம் அந்த அம்மா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். கொட்டை வந்துவிட்டது. குழந்தை அதைக் கையில் கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

பங்க்குக்கு வந்து நிரப்பினோம். சுற்றியதோடு சேர்த்து 93 கிலோமீட்டர், 5.11 லிட்டர். அவர் நடைக்கு 18.2. இரண்டும் சேர்த்தால் 19.56. இருபது வரவில்லை.

“அப்ப வித்துரலாங்க,” என்றேன்.

“ஏசி போட்டு, ஆளேத்தி, அந்த மிதி மிதிச்சும் பதினெட்டு குடுத்திருக்கு. இத விக்கிறேங்கிற! ஒனக்கென்ன கிறுக்கா?” என்று சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வாங்கப்போகிறவர்களுக்கு: விளம்பரத்தில் சொல்லும் எண்ணில் மூன்று நான்கைக் கழித்துவிட்டு எதிர்பாருங்கள். திரையை முழுதாக நம்ப வேண்டாம். டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பாருங்கள். எங்களைப் போல எண்பது தொண்ணூறு போதாது, முந்நூறு நானூறு கிலோமீட்டராவது ஓட்டினால்தான் சரியான எண் வரும். டயரில் காற்றை மாதம் இரண்டு முறை பாருங்கள். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு டீசல் வேண்டாம்.

இப்போது நான் ஓட்டினால் இருபதரை வருகிறது. ஓய்வு நாளில் அவர் ஓட்டினால் பத்தொன்பதைத் தாண்டுவதில்லை. நிறுத்தத்தில் யாராவது நின்றால் அவர் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடுகிறது. ஏறுகிறவர் உட்காரட்டும் என்று நான் பின்சீட்டில் இருக்கும் என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.